அயலார் மறையை வாசிக்கப் பழகுவோர்க்கு

நம் பாட்டனும் பாட்டியும் ஆலயத்தில் வழங்கிய சொற்களில் பாதி வடமொழிச் சொற்கள். பூசை, ஞானஸ்நானம், ஜெபம், பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், வேதசாட்சி என அவை அவர்கள் நாவில் தடையின்றிப் புழங்கின. இத்தகைய சொல்வழக்குக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர் திருப்பலி, திருமுழுக்கு, மன்றாட்டு, மறையுரை, ஒப்புரவு, மறைசாட்சி என்னும் தமிழ்ச் சொற்கள் அவற்றின் இடத்தில் வந்து அமர்ந்தன; அது நன்றே. எனினும் பழைய சொற்கள் நம் செவியை விட்டு முற்றிலும் அகலவில்லை. தவக்காலத்தின் முதல் நாளை விபூதிப் புதன் என்று சொல்வோர் இன்றும் உளர்.

இதனால், வடமொழி மறைநூல் ஒன்றை முதன்முறையாகத் திறக்கும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அது முற்றிலும் அயலான ஊராகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வரியிலும் ஓரிரு சொற்கள் தெரிந்த முகங்களாய் எதிர்ப்படுகின்றன. அந்தத் தெரிந்த முகங்களிடந்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கீதையின் பத்தாம் இயலுக்கு விபூதி யோகம் என்று பெயர். அங்கே சாம்பல் இல்லை. இறைவனின் மாட்சி எவ்வெவற்றில் சிறந்து விளங்குகிறது என்னும் விரிவுரை இருக்கிறது. சங்கீர்த்தனம் என்பது வடமொழியில் எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல். நாமோ அச்சொல்லைக் குருவின் செவியருகே தாழ்ந்த குரலில் பாவங்களைச் சொல்வதற்கு ஆக்கிக்கொண்டோம். அவசரம் என்றால் அங்கே தக்க சமயம், இங்கே பரபரப்பு. சம்சாரம் உபநிடதங்களில் பிறந்தும் இறந்தும் உழலும் சுழற்சி. நம் வீடுகளில் இல்லாள். (இந்தக் கடைசி விளக்கத்தை வீட்டில் எடுத்துரைக்க நாம் முற்படவில்லை.)

'வேதம்' என்னும் சொல்லும் அத்தகையதே. நம் சமயத்தைச் சத்திய வேதம் என்றும் விவிலியத்தை வேதாகமம் என்றும் வழங்கிப் பழகியவர்க்கு, இந்துக்களின் வேதமும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே அடங்கிய ஒரு நூல் என்றே எண்ணத் தோன்றும். இருக்கு வேதம் மட்டுமே பத்து மண்டலங்களில் 1028 சூக்தங்களைக் கொண்டது. நான்கு வேதங்களுக்கும் சங்கிதை, பிராமணம், ஆரணியகம், உபநிடதம் என அடுக்குகள் உண்டு. இவையனைத்தும் சுருதி, அதாவது கேட்கப்பட்டவை. இதிகாசங்களும் புராணங்களும் தரும நூல்களும் ஸ்மிருதி, அதாவது நினைவில் கொள்ளப்பட்டவை. பல கோடி மக்கள் நெஞ்சில் வைத்துப் போற்றும் கீதையோ, மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்துள் அமைந்த எழுநூறு சுலோகங்கள். ஆகவே பகுப்பின்படி ஸ்மிருதியைச் சார்ந்தது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக்காட்டி "இந்து மறை இவ்வாறு கூறுகிறது" என்றால், எந்த அடுக்கிலிருந்து எடுத்தார் என்று கேட்பதே முதற்பாடம்.

இந்த முதற்பாடத்தை நமக்குக் கற்பித்தவர் ஒரு சைவ நண்பர். ஓய்வுபெற்ற கணக்கர், அடுத்த தெருவில் வசிப்பவர். வேதங்களே கிறிஸ்துவை முன்னறிவித்துள்ளன என்று கூறும் துண்டுத்தாள் ஒன்று யார் மூலமோ அவர் கைக்குச் சென்றிருந்தது. அதை அவர் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். "இதில் மண்டல எண்ணும் இல்லை, சூக்த எண்ணும் இல்லையே, ஐயா! எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் நானும் வாசிப்பேன்" என்றார். அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை. சினந்திருந்தால் மறுமொழி சொல்லித் தப்பியிருக்கலாம். பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் நாமே பல ஆண்டுகள் சிறுவர்க்குக் கற்பித்திருக்கிறோம். ஒருவரின் பெயருக்கு மட்டுமன்றி, அவர் வணங்கிப் போற்றும் நூலுக்கும் சான்று சொல்கையில் அக்கட்டளை பொருந்துமா, பொருந்தாதா? அப்போது நாம் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தோம். காலம் கையில் இருந்தது. வடமொழி பயிலத் தொடங்கினோம்.

ஆசிரியராக வாய்த்தவர் எழுபதைக் கடந்த வைணவப் பெரியவர். காணிக்கை எதுவும் வாங்க மறுத்துவிட்டார். வெற்றிலைபாக்கை மட்டும் ஏற்றுக்கொண்டார். முதல் மாதம் முழுவதும் நூலைத் திறக்கவே விடவில்லை. அவர் சொல்வார், நாம் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்தைக் கண்டவுடன் பொருளைத் தேடி ஓடும் நமக்கு அது பெரிய தவமுயற்சியாக இருந்தது. ஆனால் அந்த மரபே அப்படிப்பட்டது. வேத மந்திரங்கள் நெடுங்காலம் ஏட்டில் அன்றி நாவிலேயே காக்கப்பட்டன. சொற்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்லும் பதபாடம் என்றொன்று உண்டு. கனபாடம் என்னும் முறையிலோ முதல் இரு சொற்களை நேராகவும், பின்னோக்கியும், பிறகு மூன்றாம் சொல்லையும் சேர்த்து நேராகவும், பின்னோக்கியும், மீண்டும் நேராகவும் சொல்லி, அதன்பின்னரே அடுத்த சொல்லுக்கு நகர்வர். ஓர் ஒலியும் நழுவாதபடி இட்ட பின்னல் அது. இந்த ஓதல் மரபை யுனெஸ்கோ 2003இல் மானிடத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. கேட்கப்பட்டது என்று பெயர் பெற்ற நூலைக் கண்ணால் மட்டும் வாசிக்கத் தொடங்குவது, திருப்பாடல்களை ஒருநாளும் பாடிக் கேளாமல் ஆராயப் புகுவது போன்றதே.

இலக்கணத்தில் நுழைந்தபோது நம் தமிழ் கைகொடுத்தது. வடமொழி இலக்கணம் என்றதும் பலர் அஞ்சுகின்றனர். எட்டு வேற்றுமை, ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண், ஆக ஒரு பெயர்ச்சொல்லுக்கு இருபத்துநான்கு வடிவங்கள் என்று கேட்டால் யாருக்கும் மலைப்புத் தட்டும். ஆனால் பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பள்ளியில் பயின்றவர்க்குச் சந்தி புதிதன்று. வேற்றுமைத்தொகையையும் அன்மொழித்தொகையையும் வேறுபடுத்தத் தெரிந்தவர், தத்புருஷத்தையும் பகுவிரீகியையும் பாதி அறிந்தவரே. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையல் அன்று, அதை அணிந்த பெண் என்று நாம் அறிவோம் அல்லவா! இந்த வேறுபாட்டின்மேல் வேத இலக்கியத்திலேயே ஒரு கதை எழுந்தது. தன் மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்கத் துவஷ்டா வேள்வி செய்கிறான். 'இந்திரனைக் கொல்பவன்' வளர்க என்பது அவன் கருத்து. ஆனால் அந்தத் தொகைச்சொல்லில் ஒலியழுத்தத்தை இடம் மாற்றிச் சொல்லிவிடுகிறான். சொல் 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்று பொருள் தருகிறது. வேள்வியில் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மடிகிறான். இலக்கண ஆசிரியர்கள் இதைச் சொல்லாமல் மாணவரை விடுவதில்லை.

சொற்களைப் பிரிக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு தத்துவமே மாறிவிடுவதும் உண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் இயலில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை கூறும் தத்துவமசி என்னும் மகாவாக்கியம் நம்மில் பலர் கேள்விப்பட்டதே. அது நீயாக இருக்கிறாய் என்பது பொருள். அதனைச் சங்கரர் முழு ஒருமையாகக் கொண்டார். இராமானுசர், உயிரை உடலாகக் கொண்ட பரம்பொருளையே அது குறிப்பதாகக் கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மத்துவரோ வாக்கியத்தை வேறிடத்தில் பிரித்தார். முன்னுள்ள 'ஆத்மா' என்னும் சொல் ஆகாரத்தில் முடிகிறது. அடுத்த சொல் அகரத்தில் தொடங்கினாலும் அந்த அகரம் ஆகாரத்தினுள் மறைந்துவிடும் அல்லவா? அவ்வாறு மறைந்திருப்பது எதிர்மறை அகரமே என்றார் அவர். அப்போது பொருள், நீ அது அல்லை என்றாகும். ஒரே ஒலித்தொடர்! ஒருவர் ஆம் என்கிறார், மற்றவர் அன்று என்கிறார். இருவரையும் பின்பற்றி வழிபடும் மக்கள் இன்றும் இருக்கின்றனர். மொழிபெயர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உபநிடதம் கூறுவது இதுவே என்று அறுதியிடுவோர்க்கு இந்தப் பூசல் தென்படுவதே இல்லை.

தொடங்குவோர்க்கு எந்த நூல் ஏற்றது என்று கேட்டால், இருக்கு வேதம் அன்று என்பதே நம் விடை. அதன் மொழி மிகப் பழையது. கற்றறிந்தோரே தயங்கும் சொற்கள் அதில் மலிந்துள்ளன. கீதை எளியது, பாரதியார் அதைத் தமிழ் உரைநடையில் பெயர்த்துத் தந்திருக்கிறார். நம் ஆசிரியர் தேர்ந்ததோ ஈசாவாஸ்ய உபநிடதம். சுக்கில யசுர் வேதத்து வாஜஸநேயி சங்கிதையின் நாற்பதாவது இயல் அது. அதுவே இறுதி இயலும் ஆகும். காண்வ பாடத்தில் பதினெட்டே மந்திரங்கள். அச்சில் இரண்டு பக்கம். அதன் முதல் மந்திரத்தில் மட்டும் ஏழு வாரம் தங்கினோம். காந்தியடிகள் 1937இல் திருவிதாங்கூரில் கூட்டந்தோறும் எடுத்து விளக்கிய மந்திரம் அது. மற்ற மறைநூல்கள் எல்லாம் அழிந்தாலும் இது ஒன்று எஞ்சினால் போதும் என்னும் கருத்துப்பட அவர் பேசினார்.

அதன் முதற்பகுதியில் 'வாஸ்யம்' என்றொரு சொல். அதன் வேரான 'வஸ்' என்பதற்கு உறைதல் என்றும் பொருளுண்டு. உடுத்தல், மூடுதல் என்றும் பொருளுண்டு. இவ்வுலகில் இறைவன் உறைகிறான் என்பதா? இறைவனால் இவ்வுலகம் போர்த்தப்பட வேண்டும் என்பதா? சங்கரர் பின்னதைக் கொண்டு, சந்தனக் கட்டையை உவமை சொல்கிறார். நீரில் ஊறியதால் ஏறிய கெட்ட வாடை, கட்டையை இழைக்க இழைக்க அதன் இயல்பான மணத்தால் மறைந்துவிடுகிறதாம். அடுத்த சொல் 'த்யக்தேந', விடப்பட்டதனால். யார் விட்டதனால்? நாம் துறப்பதனால் என்று சங்கரர். இறைவன் நமக்கு விட்டுக்கொடுத்ததனால், அதாவது அவன் அளித்ததைக் கொண்டு, என்று மத்துவர். பின்னர் 'புஞ்ஜீதா:'. இதன் வேர்ச்சொல்லுக்குத் துய்த்தல், காத்தல் என இரு பொருள். பாணினியின் விதிப்படி இங்குள்ள வினைவடிவம் துய்த்தலையே சுட்ட வேண்டும். ஆயினும் துறவிக்குத் துய்ப்பு ஏது? ஆகவே ஆன்மாவைக் காப்பாயாக என்று சங்கரர் உரை கண்டார். கடைசியில் செல்வத்தைப் பற்றி ஒரு தடை வருகிறது. எவருடைய செல்வத்தையும் விரும்பாதே என ஒரே வாக்கியமாகவும் வாசிக்கலாம். விரும்பாதே என்று நிறுத்தி, செல்வம் யாருடையது என்று வினாவாகவும் வாசிக்கலாம். சங்கரரே இரண்டையும் தந்து இரண்டையும் ஏற்கிறார். அவ்வளவு உறுதியான தத்துவம் உடையவர், இலக்கணம் இரு கதவுகளைத் திறந்துவைத்த இடத்தில் ஒன்றை அடைக்க முற்படவில்லை என்பது நமக்கு வியப்பாயிருந்தது.

இந்த ஏழு வாரத்தில் கற்ற வாசிப்புமுறையையே பிறருக்கும் பரிந்துரைக்கிறோம். ஒரு மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், செவியால் கேளுங்கள், சொற்களைப் பிரியுங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமையும் வினைவடிவமும் காணுங்கள். அதன்பின் ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு உரைகளையாவது அருகருகே வைத்துப் படியுங்கள். ஒத்த உரைகள் பத்தைப் படித்தாலும் அவ்வளவு தெளிவு வராது. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் தமிழ்ப் பதிப்புகள் தொடங்குவோர்க்குத் துணையாகும். ஆங்கிலம் அறிந்தவர்க்கு 1890இல் வெளிவந்த ஆப்தேயின் அகராதி போதும். 1899இல் வந்த மோனியர் வில்லியம்சின் பேரகராதி, வேர்ச்சொற்களில் சற்றே பயிற்சி வந்த பிறகுதான் வழிவிடும்.

துண்டுத்தாளின் செய்திக்கு வருவோம். மூலங்களைத் தேடிப் பார்க்கும் அளவுக்குப் பயிற்சி வர இரண்டு ஆண்டுகள் சென்றன. வேத மந்திரம் என்று அதில் அச்சிட்டிருந்த துதிகள் வேதத்தைச் சேர்ந்தவையல்ல. மிகப் பிற்கால நாமாவளி நடையில் யாரோ கட்டியவை. ஆனால் பிரஜாபதியைப் பற்றிய செய்தி அவ்வாறன்று. அவர் தம்மையே தேவர்களுக்கு வேள்வியாகத் தந்தார் என்று சதபத பிராமணம் உண்மையாகவே கூறுகிறது. படிக்கையில் நமக்கு மெய்சிலிர்த்தது, அதை மறைப்பானேன்? எனினும் அடுத்தடுத்த பகுதிகளைப் படிக்கும்போது பிரஜாபதி ஆண்டுச் சுழற்சியாகவும், செங்கல் அடுக்கிக் கட்டப்படும் வேள்விக்களமாகவும் வருகிறார். சிதறுகிறார், மீண்டும் கட்டப்படுகிறார். ஒரு குறிப்பிட்ட காலத்தில், பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் பாடுபட்ட ஒருவரைப் பற்றிய முன்னறிவிப்பு என்று அந்நூலை ஓதியவர் எவரும் அதைக் கேட்டதில்லை. கல்கத்தாவில் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவாயிருந்த கிருஷ்ண மோகன் பானர்ஜி 1875இல் பிரஜாபதியையும் கிறிஸ்துவையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். அவர் இடம் சுட்டி, மூலம் காட்டி, கற்றோர் அவையில் வாதிட்டவர். அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். எண்ணில்லாத துண்டுத்தாளை என்ன செய்வது?

நண்பரிடம் இந்த இரண்டையும் சொன்னோம்: இல்லாதவை இல்லை என்றும், இருப்பது இன்ன இடத்தில் இன்ன சூழலில் இருக்கிறது என்றும். சதபத பிராமணப் பகுதியை அவரும் இரவல் வாங்கிச் சென்றார். இப்போது ஞாயிறு மாலைகளில் மாற்கு நற்செய்தியை நம்மோடு வாசிக்கிறார். அவர் கேட்கும் கேள்விகள் எளியவை அல்ல.

இத்தகைய தாள்களால் வரும் தீங்குக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர் வேதம்' என்றொரு கைப்படி பிரெஞ்சு மொழியில் உலவியது. உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை நிலைநாட்டுவதற்காக, பிரெஞ்சு சேசுசபைக் குருக்கள் வட்டத்தில் இயற்றப்பட்டது அது என்று கருதப்படுகிறது. அதை மெய்யான வேத விளக்கம் என்று நம்பிய வால்தேர், 1761இல் பாரிசு அரச நூலகத்துக்கு ஒரு படி அளித்தார். விவிலியத்திற்கு முந்திய தூய இறையறிவுக்கு அதையே சான்றாக்கித் திருச்சபையைச் சாடினார்! 1778இல் அது அச்சேறியது. நான்கே ஆண்டுகளில் சொன்னெரா என்னும் பயணி அது போலி என்று எழுதினார். புதுச்சேரியில் மறைப்பணியாளர் ஏடுகளிடையே இருந்த கைப்படிகளை ஆராய்ந்து விரிவாக எழுதியவர், திருக்குறளுக்கு உரை வரைந்ததால் தமிழர் நன்கறிந்த எல்லிசுத் துரையே. அவர் கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1822இல் வெளிவந்தது. அந்தப் பழியை நொபிலி அடிகளார்மேல் ஏற்றியோரும் உண்டு. நூல் அவர் காலத்ததன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. அவரோ சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமணரின் அருகே அமர்ந்து வடமொழியை முறையாகக் கற்றவர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பங்குகளில் உள்ளோர் பலருடைய முன்னோர், இந்த ஒலிகளைக் கேட்கும் உரிமையே மறுக்கப்பட்டவர்கள். நம் முன்னோரும் அவருள் அடங்குவர். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் சூத்திரர்க்கு வேதம் பயில உரிமையில்லை என நிறுவும் பகுதி இருக்கிறது. மற்றவற்றில் மாறுபடும் சங்கரரும் இராமானுசரும் அங்கே உடன்படுகின்றனர். சாந்தோக்கியத்தில் வரும் சத்தியகாமன் கதை பலர் அறிந்தது. தந்தையின் குலம் அறியாத சிறுவன் உண்மையைச் சொன்னான் என்பதற்காகக் குரு அவனை மாணவனாக ஏற்கிறார். இன்று அதை வாசிப்போர் குலத்தை மீறிய வாய்மை என்று போற்றுகின்றனர். பழைய உரைகளோ, அவன் சூத்திரன் அல்லன் என்று தெளிந்த பின்னரே குரு ஏற்றார் என்று அதே கதையை விலக்குக்குச் சான்றாக்குகின்றன. இந்தப் பகுதியை நம் ஆசிரியர் தாமே திறந்து நமக்குப் பாடம் சொன்னார். எந்தச் சமாதானமும் கூறவில்லை. இரண்டு உரைகளையும் சொல்லுக்குச் சொல் பிரித்துக்காட்டி, நாம் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். அன்று அவர் வெற்றிலை போடவில்லை என்பது நமக்கு நினைவிருக்கிறது. அயலார் மறையை மதித்து வாசிப்பது என்றால் அதிலுள்ள காயங்களைத் தொடாமல் கடப்பது என்று பொருளல்ல. அங்கும் வேற்றுமை உருபைச் சரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

சென்ற ஆண்டு ஆசிரியர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். ஈசாவாஸ்யத்தின் இறுதி நான்கு மந்திரங்களை வாசிக்கச் சொன்னார். அவை சாவின் வாயிலில் நிற்பவன் சூரியனிடமும் அக்கினியிடமும் எழுப்பும் மன்றாட்டு. மூச்சு காற்றோடு கலக்கட்டும், உடல் சாம்பலில் முடியட்டும் என்றபின், நினைவுகூர்வாயாக என்னும் ஏவல் அடுத்தடுத்து வருகிறது. யாரை நோக்கி? விளியாக நிற்கும் 'க்ரது' என்னும் சொல்லுக்கு மன உறுதி என்றும் வேள்வி என்றும் பொருள். மனமே, நீ செய்தவற்றை நினைத்துப் பார் என்பது சங்கரர் உரை. வேள்வி வடிவான இறைவா, என்னை நினைவுகூர்வாய் என்பது வைணவ உரைகாரர் கொண்ட பொருள். சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனின் வேண்டுதல் நம் நெஞ்சில் எழுந்தது. நாம் அதைச் சொல்லவில்லை. எந்த உரையை வாசிக்கட்டும் என்று மட்டும் கேட்டோம். அவர் நம் கையிலிருந்த உரைநூலை மூடிவைக்கச் சொன்னார். மூலத்தை மட்டும் இன்னொரு முறை, நிறுத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.